குழந்தை கடித்த கட்டைவிரல்

7

சங்கத் தலைவர் பேச ஆரம்பித்துப் பதினேழு நிமிடம் ஆகியிருந்தது. இன்னும் நாய் வரவில்லை.

பேச்சில்தான் வரவில்லை. நேரில் அது அவருடைய நாற்காலிக்குப் பக்கத்திலேயே, கன்றுக்குட்டி அளவுக்கு, முன்னங்கால்களை நீட்டிப் படுத்துக்கொண்டு ரேடியோவின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தது. ரேடியோவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இருவரில் யாருக்குப் பசி என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. இருபது வருடம் டாக்ஸி ஓட்டியபோது பயணிகள் வைத்தது. ஏறி உட்கார்ந்தால் இறங்கும்வரை நிற்காமல் பேசுவான், ஸ்டேஷன் மாற்றவும் முடியாது. இப்போது நாற்பத்தாறு வயதில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்கு டிரைவர், உதவியாளர், தேவைப்பட்டால் சாட்சி. அந்த அம்மாளுக்கு ஊரில் நிதானம் என்று பெயர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைத் தோண்டி எடுக்கும் வேலையில் இருபத்தைந்து வருடம் இருந்து, ஒருநாள்கூடக் குரலை உயர்த்தாமல் பலபேருடைய தூக்கத்தைக் கெடுத்தவள். ஓய்வுக்குப் பிறகு வக்கீல்களுக்காக உண்மையைத் தேடிக் கொடுக்கிறாள். ரேடியோ அவளை வெளியில் மேடம் என்பான், காருக்குள் அக்கா.

தலைவர் தன் வரவேற்பறையைச் சுட்டிக் காட்டினார். சுவர் தெரியாமல் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரங்கள். சிறந்த குடிமகன், சிறந்த மனிதாபிமானி, சிறந்த நிர்வாகி. எல்லாம் குடியிருப்போர் சங்கம் கொடுத்தது, எல்லாவற்றிலும் வழங்குபவர் என்ற இடத்தில் தலைவரின் கையெழுத்து. கொடுத்தவரும் அவர், வாங்கியவரும் அவர். நடுவில் கைதட்டியதும் அவராகத்தான் இருக்கும் என்று ரேடியோ நினைத்துக்கொண்டான்.

பதினெட்டாவது நிமிடத்தில் விஷயத்துக்கு வந்தார். நாயின் பெயர் குழந்தை. குழந்தை பிறந்ததிலிருந்து ஓர் எறும்பைக்கூடக் கடித்ததில்லை. கேட்டில் "நாய் ஜாக்கிரதை" என்று பளிச்சென்று பலகை இருக்கிறது. அதைப் படித்துவிட்டும் அந்தத் தையல்காரி உள்ளே கையை விட்டாள். தவறு முழுக்க அவளுடையது. இருந்தாலும் தான் சட்டத்துக்கு அப்பாற்பட்ட, அதாவது சட்டத்தையும் தாண்டிய, இரக்கம் உள்ளவர் என்பதால், இன்று மாலை நாலு மணிக்குச் சங்க மண்டபத்தில் ஒரு சிறு விழா. தவறு தன்னுடையதுதான், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அந்தப் பெண் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவாள். தலைவர் அவளுக்கு ஓர் அன்பளிப்பு வழங்குவார். போட்டோக்காரர் வருகிறார்.

அன்பளிப்பு என்ன என்று நிதானம் கேட்டாள்.

"தையல் மிஷின்," என்றார் தலைவர். "என் பெயர் பொறித்தது."

ரேடியோ நாயை விட்டுவிட்டு அவரைப் பார்த்தான். கட்டைவிரலைக் கடித்துக் குதறிவிட்டு அதே கைக்குத் தையல் மிஷின் கொடுக்கிற ஆளை அவன் டாக்ஸி வாழ்க்கையிலும் பார்த்ததில்லை. "காலுக்கு ஏதாவது ஆகியிருந்தா சைக்கிள் குடுத்திருப்பீங்களா சார்?" என்று கேட்டுவிட்டான். நிதானம் அவன் பக்கம் திரும்பாமலே, "ரேடியோ, சத்தம்," என்றாள். அவன் குறைத்துக்கொண்டான்.

தலைவரின் மனைவி டீ கொண்டுவந்தாள். சுவர் ஓரமாகவே நடந்து, நாற்காலிகளுக்குப் பின்னால் சுற்றி வந்து நீட்டினாள். தலைவர் அவளை அறிமுகம் செய்யவில்லை, தட்டைத்தான் அறிமுகம் செய்தார். அது சங்கத்தின் பத்தாம் ஆண்டு நினைவுத் தட்டு.

வெளியே வந்ததும் ரேடியோ கேட்டில் தொங்கிய பலகையின் முன்னால் நின்றுவிட்டான். மஞ்சள் தகட்டில் கறுப்பு எழுத்து. வெயில் பட்டு முகம் பார்க்கிற மாதிரி மின்னியது.

"அக்கா, இது புதுசு," என்றான் காதோடு. "சம்பவம் நடந்து நாலு வாரம் ஆகுது. இது ஒரு வாரப் பெயின்ட். கடிச்ச பிறகு மாட்டிட்டு, முன்னாடியே இருந்துச்சுன்னு கதை விடறாரு."

நிதானம் பலகையின் கீழ் மூலையைக் குனிந்து பார்த்தாள். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பச்சைக் கிளி வரைந்திருந்தது. எழுதியவரின் அடையாளம். அவள் காரில் ஏறி, முதலில் தையல்காரி வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

அது மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. தையல் மிஷினைப் போர்வையால் மூடியிருந்தார்கள். மூலையில் பாதி தைத்த திரைச்சீலைகள். பள்ளிச் சீருடைகள் அடுக்கியிருந்த அலமாரி காலி. கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து துணியைத் திரும்ப வாங்கிப் போய்விட்டார்கள். தையல்காரி முப்பது வயதுக்காரி. வலது கையில் மணிக்கட்டிலிருந்து பெருவிரல்வரை தாங்கு கட்டை. முதல் ஆபரேஷனில் அறுந்த நரம்பையும் தசைநாரையும் ஒட்டியிருக்கிறார்கள். இரண்டாவது ஆபரேஷனும், அதன்பிறகு மூன்று மாதம் விரலுக்குப் பயிற்சியும் இருக்கிறது. இந்த மாதத்துக்குள் செய்யாவிட்டால் விரல் மடங்காமல் நட்டபடியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இடது கையால் வெட்டிப் பார்த்தாளாம். கத்திரி வலது கைக்காரர்களுக்கென்று செய்தது. இடது கையில் பிடித்தால் துணியை வெட்டாமல் மடிக்கிறது.

கணவன் பஸ் டெப்போவில் மெக்கானிக். கை துடைக்கும் துணியை முறுக்கிக்கொண்டே பேசினான். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்பது அவன் கட்சி. போடாவிட்டால் அத்துமீறி நுழைந்ததாக இவள்மேலேயே புகார் கொடுப்போம் என்று சங்கத்து ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்களாம்.

"பெரிய மனுஷன் சொன்னா நாலு பேர் நம்புவாங்க," என்றான். "இவ சொன்னா யார் நம்புவா?"

"நான் உள்ளயே போகல," என்றாள் தையல்காரி. இதைப் பல தடவை சொல்லி அலுத்த குரல். திரைச்சீலை தைத்துக் கொண்டுவரச் சொன்னதே அவர்கள்தான். பெல்லை அடித்தாள். சின்ன கேட் திறந்தது, திறந்த கையோடு நாயும் வந்தது. கழுத்தில் சங்கிலி இல்லை. அவள் பையை முன்னால் நீட்டினாள், அது பையை விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டது.

அப்போது தலைவர் எங்கே இருந்தார் என்று நிதானம் கேட்டாள்.

"வாசல்ல. ஓடி வந்தாரு. என்னைப் பாக்கல, நாயைத்தான் பாத்தாரு. 'மறுபடியுமா?' அப்படின்னாரு."

"அதையே இன்னொரு தடவை சொல்லும்மா."

"மறுபடியுமா. அவ்வளவுதான். அப்புறம் நான் மயங்கிட்டேன்."

கணவன் பெருமூச்சு விட்டான். மயங்குவதற்கு முன்னால் காதில் விழுந்ததை எந்த நீதிபதி ஒப்புக்கொள்வார் என்றான். அதில் நியாயம் இருந்தது. நிதானம், தையல்காரிக்காக வழக்கை எடுத்திருந்த வக்கீலம்மாவுக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்தாள்.

வக்கீலம்மா கோர்ட் வராந்தாவில் நின்று பேசினாள், பின்னணியில் யாரோ யார் பெயரையோ கூவிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தை இரண்டு நிமிடத்தில் பிரித்து வைத்தாள். நாய் கடிக்கும் என்று தெரிந்திருந்தும் ஒருவர் அதை அவிழ்த்து விட்டால் முழுப் பொறுப்பும் அவருடையது. ஆபரேஷன், மருந்து, விரல் பயிற்சி, வேலை செய்ய முடியாத நாட்களின் வருமானம், பட்ட வேதனை, எல்லாவற்றுக்கும் அவர் பதில் சொல்லியாக வேண்டும். தெரியாது, அது சாது, பலகையும் வைத்திருந்தேன் என்று சாதித்துவிட்டால் வழக்கு இழுக்கும். விரல் அதுவரை காத்திருக்காது. ஆனால் இன்று அந்தத் தாளில் கையெழுத்து விழுந்துவிட்டால் பிறகு எந்தக் கடவுள் வந்து வாதாடினாலும் ஒன்றும் நடக்காது.

"அம்மா, உங்களால எழுத முடியாதுன்னு அவங்களுக்குத் தெரியும்," என்றாள் கடைசியாக. "அதனால கைநாட்டுக்கு மை தடவின அட்டையும் கொண்டு வருவாங்க. தொடாதீங்க."

"கட்டைவிரலையும் கடிச்சிட்டு கைநாட்டும் கேக்கறானுங்களே," என்றான் ரேடியோ. அந்த அறையில் முதல்முறையாகத் தையல்காரி சிரித்தாள். கணவன் சிரிக்கவில்லை.

மணி ஒன்றரை.

பச்சைக் கிளி போடுகிற போர்டுக்காரரைக் கண்டுபிடிக்க ரேடியோவுக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்தது. பழைய டாக்ஸி ஸ்டாண்டில் விசாரித்தால் ஊரில் தெரியாத விஷயம் கிடையாது. ரயில் பாலத்துக்கு அடியில் கடை. வாசலெங்கும் காய வைத்த பலகைகள்: பல் டாக்டர், டியூஷன், வாடகைக்கு. நடுவில் ஒரு முக்காலியில், கையில் பெயின்ட் பிரஷ்ஷும் முகத்தில் உலகத்தின்மேல் பொதுவான ஒரு வெறுப்புமாகப் போர்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். வாடிக்கையாளர்களைப் பற்றி அவருக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது.

அவருக்கென்று ஒரு வழக்கம். வாயால் சொல்லி எழுதச் சொன்னால் எழுத மாட்டார். வாசகத்தைத் தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட வேண்டும். பலகை தயாரான பிறகு, நான் இப்படிச் சொல்லவே இல்லையே என்று வந்து நிற்பவர்களால் தன் வாழ்க்கையில் பாதி வீணாயிற்று என்றார். இல்லாத பட்டங்களைச் சேர்க்கச் சொல்லிவிட்டு, மாட்டியதும் யார் கேட்டார்கள் என்று மறுத்த ஒரு டாக்டரால் இந்த ஞானம் பிறந்ததாம். தாள்களைக் கம்பியில் குத்திக் கூரையிலிருந்து தொங்க விட்டிருந்தார். வருடத்துக்கு ஒரு கம்பி.

ரேடியோ ஆவலோடு தலைவரின் பலகையைப் பற்றிக் கேட்டான். போன வாரம்தானே எழுதினது?

"போன வாரமா? அது ஆகிப்போச்சு பத்து மாசம்."

"பெயின்ட் மின்னுதே."

"மின்னும். நான் எழுதினா பத்து வருஷம் மின்னும். உங்க மூஞ்சி மாதிரின்னு நினைச்சீங்களா?"

ரேடியோவுக்கு முகம் விழுந்துவிட்டது. பத்து மாதம். அப்படியானால் கடிப்பதற்கு ஒன்பது மாதம் முன்பே பலகை கேட்டில் இருந்திருக்கிறது. தலைவர் சொன்னது சத்தியம். ஒரு நாளில் ஒரே ஓர் உண்மை சொன்னவன், அதையும் இந்த இடத்தில் பார்த்துச் சொல்லித் தொலைத்திருக்கிறான். ரேடியோ வெளியே போய்க் கார் டயரை உதைத்தான். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை, அவன் காலுக்குத்தான் ஆயிற்று.

உள்ளே போர்டுக்காரர் தன் துக்கத்தைத் தொடர்வது அரைகுறையாகக் காதில் விழுந்தது. எழுத்துக்கு இவ்வளவு என்றுதான் அவர் கூலி. தலைவர் வந்து, புள்ளி வைத்த எழுத்து பாதி எழுத்துதான், அதற்குப் பாதிக் கூலி போடு என்று முக்கால் மணி நேரம் வாதாடினாராம். அப்புறம் கம்பியை இறக்கும் சத்தம், தாள் புரளும் சத்தம்.

நிதானம் வெளியே வந்தபோது அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. பின்னாலேயே போர்டுக்காரர் சட்டை மாற்றிக்கொண்டு, கம்பியைக் கையில் பிடித்தபடி வந்து காரின் பின்சீட்டில் உட்கார்ந்தார்.

"அக்கா, தோத்துட்டோம்," என்றான் ரேடியோ. "போர்டு பழசு."

"பழசுதான்."

"அப்புறம் இவரை எதுக்குக் கூட்டிட்டுப் போறோம்? அவருக்கு சாட்சி சொல்லவா?"

"ஆமா," என்றாள் நிதானம். "நீ ஒண்ணு பண்ணணும். மண்டபத்துல எழுந்து நின்னு, போர்டு புதுசுன்னு சத்தமா சொல்லு. எவ்வளவு கேவலமா சொல்ல முடியுமோ அவ்வளவு கேவலமா சொல்லு."

சத்தத்தைக் கூட்டச் சொல்லி அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. ரேடியோவுக்குக் காரணம் புரியவில்லை. ஆனாலும் இப்படி ஓர் உத்தரவுக்குக் காரணம் கேட்டுக்கொண்டிருப்பவன் முட்டாள்.

நாலு மணிக்கு மண்டபம் முக்கால் நிரம்பியிருந்தது. மேடையில் பிளாஸ்டிக் பூ ஜாடி, மைக், ரிப்பன் கட்டிய தையல் மிஷின். அதன் உடம்பில் தலைவரின் பெயர் கம்பெனிப் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. தலைவருக்கு வலப்பக்கம் பொருளாளர், அதாவது அவருடைய தம்பி. இடப்பக்கம் நாற்காலி நுனியில் தையல்காரி. அவள் முன்னால் தாளும், பேனாவும், வக்கீலம்மா சொன்ன மாதிரியே மை அட்டையும். கணவன் முதல் வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலைவரின் மனைவி ஜன்னல் ஓரத்தில். வக்கீலம்மா கறுப்புக் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் யாரோபோல உட்கார்ந்திருந்தாள்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். மனித இனத்தின் தோற்றத்திலிருந்து தொடங்கி, நெருப்பு, சக்கரம் எல்லாவற்றையும் கடந்து, இரக்கம் என்ற உணர்வு படிப்படியாக வளர்ந்து கடைசியில் தன்னிடம் வந்து சேர்ந்த வரலாற்றைச் சொன்னார். போட்டோக்காரருக்கு இரண்டு முறை கொட்டாவி வந்தது. பிறகு பொருளாளர் தையல்காரியின் பக்கம் தாளை நகர்த்தினார்.

ரேடியோ எழுந்தான்.

"ஒரு சந்தேகம் சார். அந்த போர்டு போன வாரம் மாட்டினதுதானே? பெயின்ட் வாசனை தெருமுனை வரைக்கும் வருது. நாய் கடிச்சிடுச்சு, மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சதும் அவசர அவசரமா எழுதி மாட்டிட்டு இங்க வந்து இரக்கத்தைப் பத்திப் பேசறீங்க. நெருப்பைக் கண்டுபிடிச்சவன் கேட்டா வருத்தப்படுவான்."

தலைவரின் முகம் மெல்ல மெல்லச் சிவந்து கறுத்தது. திருடன் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். அவசர அவசரமாகச் செய்தார் என்றதைத்தான் தாங்கமுடியவில்லை. எதையும் முன்கூட்டியே திட்டமிடுகிற நிர்வாகி என்று வீட்டுச் சுவரில் பத்திரமே இருக்கிறது.

அந்தப் பலகை பத்து மாதத்துக்கு முன் வைக்கப்பட்டது என்று அவர் மைக்கில் முழங்கினார். அதற்கு முந்தைய நாள் தானே நேரில் போய், தானே வாசகம் எழுதிக் கொடுத்ததாகவும் சொன்னார்.

நிதானம் தன் இடத்திலிருந்தே, உட்கார்ந்தபடியே கேட்டாள். "உங்க கையாலயே எழுதினீங்களா?"

"என் கையால். என் கையெழுத்தோடு. தேதியோடு."

"வேற யாராவது எழுதி, நீங்க கையெழுத்து மட்டும் போட்டிருக்கலாம் இல்லையா?"

"அம்மா, என் சார்பில் வெளிவரும் ஒவ்வொரு எழுத்தையும் நான்தான் எழுதுவேன். இதோ உட்கார்ந்திருக்கிறாரே, இவரையே கேளுங்கள். இவர்தான் போர்டு எழுதியவர். ஐயா, வாருங்கள், அந்தத் தாளைக் காட்டுங்கள் இவர்களுக்கு."

ரேடியோ நிதானத்தைப் பார்த்தான். அவள் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

போர்டுக்காரர் கம்பியோடு மேடை ஏறினார். வழியில் பொருளாளரின் காதில் கம்பி குத்தப் பார்த்தது. தாளை உருவி எடுத்து நீட்டினார். தலைவர் வெற்றியோடு அதை வாங்கி மைக்குக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடித்து, "நாய் ஜாக்கிரதை," என்று படித்தார். தேதியைப் படித்தார். தன் பெயரையும் பதவியையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். "இது என் கையெழுத்து. இப்போது என்ன சொல்கிறீர்கள்?"

"அதுக்கு மேல ஒரு நாலு வரி அடிச்சிருக்கே," என்றாள் நிதானம். "அதையும் படிச்சிடுங்க."

தலைவர் தாளைப் பார்த்தார். பார்த்த பிறகு அதை மடிக்க ஆரம்பித்தார். ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு, மூன்று. அது அடித்து நீக்கப்பட்ட பகுதி என்றார். நீக்கப்பட்ட பகுதிக்கு மதிப்பு இல்லை என்றார்.

"பரவால்ல சார், எனக்கு மனப்பாடம்," என்றார் போர்டுக்காரர். அவர் வாய் மைக்குக்கு நேராக இருந்தது. "எண்பத்தஞ்சு எழுத்து. அதுல இருபத்தேழு புள்ளி. உங்களோட சண்டை போட்டு மூணு தடவை எண்ணினவன் நான். 'அறிவிப்பு. இவ்வில்லத்து நாய் இதுவரை மூன்று நபர்களைக் கடித்திருப்பதாலும், இனியும் கடிக்கக்கூடும் என்பதாலும், உள்ளே வருவோர் தத்தம் பொறுப்பில் வரவும். இப்படிக்கு, தலைவர்.' கூலியைக் கேட்டதும் எல்லாத்தையும் அடிச்சிட்டு ஏழு எழுத்துல முடிச்சுக்கிட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

தலைவரின் கையில் தாள் நாலாவது தடவை மடிந்தது.

ரேடியோவுக்கு அப்போதுதான் விளங்கியது. காலையிலிருந்து தான் உடைக்கப் பார்த்த சுவரை நிதானம் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். பலகை புதியதாக இருந்தால் தலைவர் வெறும் பொய்யர். பழையதாக இருந்தால், நாய் கடிக்கும் என்று பத்து மாதமாகத் தெரிந்து வைத்துக்கொண்டே அதை அவிழ்த்து விட்டவர். எழுதியது நான்தான் என்று ஊரைக் கூட்டி மைக்கில் சொன்னதும் அவரே. கஞ்சத்தனம் அவரைக் காப்பாற்றியிருந்தது. தற்பெருமை வந்து காட்டிக் கொடுத்துவிட்டது.

ஆனால் முப்பது வருடம் கூட்டம் நடத்திய நாக்கு அத்தனை சீக்கிரத்தில் ஓயாது. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அது ஓர் இலக்கிய நடை என்றார். திருடர்களைப் பயமுறுத்துவதற்காகச் சேர்த்த மிகை. மூன்று நபர்கள் என்று யாரும் உண்மையில் கிடையாது, இருந்தால் காட்டட்டும் பார்க்கலாம் என்றார். முதல் வரிசையில் சிலர் தலையை ஆட்டக்கூட ஆட்டினார்கள். தையல்காரியின் கணவன் நிமிர்ந்திருந்த தலையை மறுபடி தாழ்த்திக்கொண்டான். கடைசி வரிசையில் வக்கீலம்மாவின் பேனா நின்றது. நிதானத்தின் கையும் பையின் வாரில் அசையாமல் நின்றதை ரேடியோ பார்த்தான். மூன்று பேரையும் தேடிப் பிடிக்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"காட்டறேன்," என்றாள் தலைவரின் மனைவி.

அவள் மெல்ல நடந்து மேடைக்கு வந்தாள். மைக் பக்கம் போகவில்லை, தேவையும் படவில்லை. வலது கைச் சட்டையை முழங்கைக்கு மேல்வரை சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து மேலே, தையல் பிரிந்து மறுபடி போட்ட மாதிரி, கோணலாக ஒரு நீளத் தழும்பு.

"முதல்ல பேப்பர் போடறவர். அவரை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லிட்டீங்க. ரெண்டாவது நான். மூணாவது உங்க தம்பி."

எல்லாத் தலைகளும் பொருளாளர் பக்கம் திரும்பின. பொருளாளர் இடது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு கூரையை ஆராய்ந்தார்.

"நீ உள்ளே போ," என்றார் தலைவர். எங்கே உள்ளே என்று யாருக்கும் தெரியவில்லை. மண்டபத்துக்கு உள் என்று ஒன்று கிடையாது. அவள் போகவும் இல்லை.

வக்கீலம்மா எழுந்து வந்தாள். அவள் அதிகம் பேசவில்லை. ஒரு தாளை எடுத்துத் தலைவரின் முன்னால் வைத்தாள். நாளை காலை ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் உறுதி கொடுப்பது, விரல் பயிற்சி முடியும்வரை செலவு, தையல்காரி மறுபடி மிஷினில் உட்காரும்வரை வருமானம், நாய்க்கு இன்றிலிருந்து சங்கிலியும் வாய்ப்பூட்டும். இது தொடக்கம்தான், வேதனைக்கான நஷ்டஈட்டைக் கோர்ட் தீர்மானிக்கும் என்றாள். கையெழுத்துப் போடாவிட்டால் போர்டுக்காரரையும் அந்தத் தாளையும் இந்த மண்டபம் முழுவதையும் சாட்சியாகக் கூப்பிட வேண்டியிருக்கும் என்பதை, நேரம் கேட்பது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். தாளில் கடித்தவரின் பெயரைக் குழந்தை என்று எழுதினால் நீதிபதி குழம்புவார், அதனால் நாய் என்றே போட்டிருக்கிறேன் என்றும் சொன்னாள்.

தலைவர் மண்டபத்தைப் பார்த்தார். முப்பது வருடமாகக் கைதட்டிய மண்டபம். ஒருவரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை, எல்லோரும் வெளியே போட்ட செருப்பு இன்னும் இருக்கிறதா என்ற கவலையில் இருந்தார்கள். கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை பதவியைச் சேர்க்கவில்லை.

மேடையில் தையல்காரி முன்னால் பழைய தாள் அப்படியே கிடந்தது. அவள் அதை இடது கையால் எடுத்தாள். ஒரு கையால் கிழிக்க வரவில்லை. மெக்கானிக் முதல் வரிசையிலிருந்து எழுந்து வந்து, கைத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, தாளின் மறுமுனையைப் பிடித்தான். அவள் இழுத்தாள். நேர்கோட்டில், மடித்து வெட்டின துணி மாதிரி கிழிந்தது.

"வண்டி வெளியில நிக்குதும்மா," என்றான் ரேடியோ. "ஆஸ்பத்திரி அஞ்சரைக்கு அட்மிஷன் மூடிடும்." அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நிதானம் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தாள்.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. போட்டோக்காரர் கூலியை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றார். தலைவரின் மனைவி மட்டும் இறங்கிப் போகாமல், சுருட்டிய சட்டையை இறக்காமல், பேனாவை மூடிக்கொண்டிருந்த வக்கீலம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கேட்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தாள். கணவர் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தும் கேட்டாள்.

"வீட்டுக்குள்ளயே இருக்கறவளை கடிச்சாலும் இதெல்லாம் உண்டா?"

"உண்டு," என்றாள் வக்கீலம்மா.

பேனாவை மறுபடி திறந்து, புதிதாக இன்னொரு தாளை எடுத்தாள்.